மோட்டார் எண் பலகையும் நம் ஊர் வரலாறும்

வரலாறு என்றால் அரசர்களின் போரும் கோயிற் கல்வெட்டுமே என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். கல்வெட்டைப் படித்துப் பொருள் காணும் புலமை எனக்கு இல்லை. மெட்ரிகுலேஷன் தேறி ரெயில்வேயில் எழுத்தராக அமர்ந்தவன் நான். நாள்தோறும் என் கையில் புழங்குவன எண்களே. சரக்கு வண்டிப் பெட்டியின் பக்கத்தில் பதினொரு இலக்கங்கள் எழுதப்பட்டிருப்பதை நம் காலனிக் குழந்தைகளும் பார்த்திருப்பார்கள். அவற்றுள் முதல் இரண்டும் பெட்டியின் வகையைக் கூறும். அடுத்த இரண்டும் அது எந்த ரெயில்வேக்கு உரியது என்பதைக் கூறும். அதற்கடுத்த இரண்டும் செய்யப்பட்ட ஆண்டைக் கூறும். பின்வரும் நான்கும் அதன் தனி எண். கடைசி இலக்கம் மற்றவற்றில் பிழை புகுந்ததா என்று சரிபார்ப்பதற்கு உரியது. படிக்கத் தெரிந்தவனுக்கு அந்தப் பதினொரு இலக்கங்களும் ஒரு சிறு சாதகக் குறிப்பே ஆகும்.

இந்தப் பழக்கத்தினால்தான் நம் காலனியின் கடைசித் தெருவில், புங்க மரத்தடியில், தார்ப்பாயால் மூடி நிற்கும் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் எண் பலகை என் கண்ணைக் கவர்ந்தது. கருப்புப் பலகையில் வெள்ளை எழுத்து, எம்.எஸ். என்று தொடங்கும் சென்னை எண். ஆந்திர மண்ணில், தமிழ்க் குடும்பங்கள் வாழும் தெருவில், இன்று இல்லாத ஒரு ராஜ்யத்தின் எழுத்தைத் தாங்கி அந்த வண்டி நிற்கிறது. அதன் எண்ணைக் காப்பாற்றுவதற்காக நானும் அதன் உரிமையாளரும் அலைந்த அலைச்சலே இக்கட்டுரைக்குக் காரணம். ஆண்டு விழா மலரில் இதனை எழுதுவதற்கு ஒரு நோக்கம் உண்டு. அதனை இறுதியில் கூறுவேன்.

எண் பிறந்த கதை

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் அதற்கு எண் இல்லை. குதிரை வண்டியும் மாட்டு வண்டியும் செல்லும் வீதியில் புகையும் ஒலியும் எழுப்பிக்கொண்டு விரைந்த அவ்வண்டி யாரையேனும் இடித்துவிட்டு மறைந்தால், இன்னாருடையது என்று அறிய வழியில்லாமல் இருந்தது. ஆகவே 1893-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் பாரிஸ் நகரப் போலீசார், மோட்டார் வண்டிகள் அடையாளப் பலகை தாங்க வேண்டும் என்று ஆணை பிறப்பித்தனர். இங்கிலாந்தில் 1903-ஆம் ஆண்டு மோட்டார் கார்ச் சட்டம் இயற்றப்பட்டு, 1904 ஜனவரி முதல் நாளிலிருந்து எண் பலகை கட்டாயம் ஆயிற்று. தத்துவ அறிஞர் பெர்ட்ரண்டு ரஸ்ஸலின் தமையனாரான ரஸ்ஸல் பிரபு, ‘ஏ 1’ என்னும் எண்ணைப் பெறுவதற்காக இலண்டனில் இரவு முழுவதும் காத்திருந்தார் என்று கூறுவர். இன்று நம் ஆந்திரத்தில் 9999 என்ற எண்ணுக்காக ஏலத்தில் இலட்சக்கணக்கில் பணம் கட்டுவோரைக் கண்டு நாம் நகைக்கிறோம். அந்த ஆசை எண் பலகை பிறந்த அன்றே உடன் பிறந்தது போலும்!

சென்னையின் முதல் எண்

சென்னைத் தெருக்களில் முதன்முதல் மோட்டார் கார் ஓடியது 1901-ஆம் ஆண்டு என்பர். பாரி கம்பெனியின் இயக்குநர்களுள் ஒருவரான யார்க் என்பவர் அதனை ஓட்டினார். 1903-ஆம் ஆண்டு சிம்சன் கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் சென்னையிலேயே நீராவியால் இயங்கும் கார் ஒன்றைக் கட்டி ஓட்டிக் காட்டினார். பின்னர்ப் பதிவு முறை வந்தபோது, எம்.சி. 1 என்னும் முதல் எண்ணைப் பெற்றவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்று சென்னை நகர வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர்.

இந்த ஸ்பிரிங் துரையை ரெயில்வேக் குடும்பத்தினராகிய நாம் அறிந்திருத்தல் வேண்டும். அவர் இந்திய ரெயில்வேயில் பொறியாளராகப் பல்லாண்டுகள் பணியாற்றியவர். ஆற்றுப் பாலங்களையும் ஆற்றின் போக்கைக் கட்டுப்படுத்தும் கரைகளையும் பற்றி நூல் எழுதியவர். 1904 முதல் 1919 வரை சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக விளங்கினார். அவருடைய அலுவலகத்தில் 1912 மார்ச்சு முதல் நாள், மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் ஓர் எழுத்தர் சேர்ந்தார். அவர்தாம் கணித மேதை சீனிவாச இராமாநுஜன். எண் ஒன்றைத் தம் காரில் தாங்கிய துரையின் அலுவலகத்திலேயே, எண்களின் உள்ளத்தை அறிந்தவர் கணக்குப் பேரேடு எழுதிக்கொண்டிருந்தார் என்பதை நினைக்குந்தோறும், எழுத்தர் வேலை பார்க்கும் எனக்கு ஒரு பெருமிதம் உண்டாகிறது.

சென்னையில் இந்தியர்களுள் முதன்முதல் கார் வாங்கியவர் கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார் என்றும், அவருடைய காரின் எண் எம்.சி. 3 என்றும் கூறுவர். சென்னை உயர்நீதிமன்றம் முதலிய சிவப்புக் கற்கட்டடங்களை எழுப்பிய செட்டியார் அவரே.

தொடக்கத்தில் மாகாணங்கள் தனித்தனியே விதி வகுத்துக்கொண்டன. 1914-ஆம் ஆண்டு இந்திய மோட்டார் வண்டிச் சட்டம் நாடு முழுமைக்கும் பொதுவாக இயற்றப்பட்டது. வண்டிகள் பெருகியதும் அச்சட்டம் போதாமற்போகவே, 1939-ஆம் ஆண்டு விரிவான சட்டம் ஒன்று வந்தது. ஒவ்வொரு மாகாணத்துக்கும் உரிய எழுத்துக்கள் அச்சட்டத்தின் அட்டவணையில் குறிக்கப்பட்டன. சென்னை மாகாண வண்டிகள் எம்.டி., எம்.எஸ். என்னும் எழுத்துக்களோடு ஓடின. மூன்றாம் எழுத்து வட்டாரத்தைக் காட்டும். அதன்பின் நான்கு இலக்கம் வரை எண் வரும்.

எழுத்தும் எல்லையும்

இனி நம் புத்தூருக்கு வருவோம். தமிழ்நாட்டார் நம் ஊரை எலும்பு முறிவுக்குப் போடும் ‘புத்தூர்க் கட்டு’ மூலமாகவே அறிவர். நாம் அதனைப் பிழைப்புக்காக வந்து குடியேறிய ஊராக அறிவோம். ஆனால் இவ்வூர் எந்த ஆட்சியில் இருந்தது, எந்த மாவட்டத்தில் இருந்தது என்று கேட்டால், ஆண்டைச் சொன்னால்தான் விடை சொல்ல முடியும்.

1911-ஆம் ஆண்டு வரை புத்தூர் வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாள் சித்தூர் மாவட்டம் உண்டாக்கப்பட்டபோது அதனுட் சேர்ந்தது. அப்போதும் சென்னை மாகாணமே. ஆகவே இங்குள்ள காருக்கும் சென்னை மாகாண எழுத்தே. 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர ராஜ்யம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனோடு சேர்க்கப்பட்டது. திருத்தணியும் திருப்பதியும் தமிழகத்துக்கே உரியன என்று சிலம்புச் செல்வர் ம.பொ. சிவஞானமும் ஆசிரியர் மங்கலங்கிழாரும் மற்றும் பலரும் வடக்கெல்லைக் கிளர்ச்சி நடத்தினர். 1956 நவம்பர் முதல் நாள் ஆந்திரப் பிரதேசம் அமைந்தது. பின்னர்ப் பட்டாஸ்கர் என்னும் அறிஞர் இரு தரப்பையும் கேட்டு எல்லையை வகுத்துக் கூற, 1959-ஆம் ஆண்டு அதற்கான சட்டம் நிறைவேறியது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பியது. செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேடு முதலிய பகுதிகள் ஆந்திரத்தைச் சேர்ந்தன. புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றது.

நம் இருப்புப்பாதையில் திருத்தணிக்கும் நகரிக்கும் இடையே வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்று ஒரு சிறு நிலையம் உண்டு. பெயரின் நீளத்தினால் புகழ்பெற்ற அந்நிலையத்தை நாம் வேடிக்கையாகப் பேசுவோம். அதன் அருகேதான் இரு ராஜ்யங்களின் எல்லையும் உள்ளது. ரெயில் அவ்வெல்லையைக் கணப்பொழுதில் கடந்து செல்கிறது. பெட்டியின் எண்ணை எவரும் மாற்றுவதில்லை. மோட்டார் வண்டிக்கோ எல்லை கடந்தால் வேறு சட்டம், வேறு வரி, வேறு எழுத்து.

1956-க்குப் பின் ஆந்திர வண்டிகள் ஏ.பி., ஏ.ஏ. முதலிய எழுத்துக்களைத் தாங்கின. 1969 ஜனவரி 14-ஆம் நாள் சென்னை ராஜ்யம் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றது, அதன்பின் டி.என்., டி.எம். முதலிய எழுத்துக்கள் வந்தன. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது, ராஜ்யத்துக்கு இரண்டு எழுத்தும் பதிவு அலுவலகத்துக்கு இரண்டு இலக்கமும் என்று முறை சீராக்கப்பட்டது. சித்தூருக்கு ஏ.பி. 03; அண்டை மாவட்டமாகிய திருவள்ளூருக்கு டி.என். 20. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் சொந்த வண்டிகளின் கருப்புப் பலகை வெள்ளையாகவும், அதன் வெள்ளை எழுத்து கருப்பாகவும் மாறின.

2014 ஜூன் 2-ஆம் நாள் தெலங்கானா பிரிந்து, டி.எஸ். என்னும் எழுத்தைப் பெற்றது. 2024-ஆம் ஆண்டு அதுவும் டி.ஜி. என்று மாற்றப்பட்டது. 2019-ஆம் ஆண்டு ஆந்திரம் மாவட்ட எண்களை விட்டு, ராஜ்யம் முழுமைக்கும் ஏ.பி. 39 என ஒரே எண்ணைப் புது வண்டிகளுக்கு வழங்கலாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் முதல், புது வண்டிகளுக்கு அசோகச் சக்கர முத்திரை பொறித்த, கழற்ற முடியாத பூட்டுள்ள பாதுகாப்புப் பலகையும் கட்டாயமாயிற்று. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டமும் பிரிக்கப்பட்டு, திருப்பதி மாவட்டம் தோன்றியது. நம் புத்தூர் அதனுட் சேர்ந்தது.

இத்தனைக்கும் புத்தூர் இருந்த இடத்தை விட்டு ஓர் அங்குலமும் நகரவில்லை. நம் சங்கத்து மூத்தோர் சிலரின் தந்தையர் காலத்திலிருந்து ஒரே வீட்டில் வாழ்ந்த குடும்பம், ஆள்வோரும் மாவட்டமும் மாறுவதை ஐந்தாறு முறை கண்டிருக்கும். அம்மாற்றங்களை எல்லாம் ஒருவன் புத்தகமின்றி அறிய விரும்பினால், நம் கடைவீதியில் அரைமணி நேரம் நின்று பழைய வண்டிகள் முதல் புதியவை வரை எண் பலகைகளைப் படித்தாலே போதும்.

நம் தெருவின் வண்டி

மேலே கூறிய ஹெரால்டு காரின் உரிமையாளர், சரக்கு ரெயிலில் கார்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர். எண்பதைக் கடந்தவர். அக்கார் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனியின் ஆலையில் செய்யப்பட்டது. 1966-ஆம் ஆண்டு சென்னையில் பதிவாயிற்று. அதனை முதலில் வாங்கியவர் ஒரு டாக்டர். அவரிடமிருந்து 1979-ஆம் ஆண்டு நம் பெரியவர் சேமநிதியில் கடன் எடுத்து வாங்கினார். அப்போது அவர் அரக்கோணத்தில் இருந்தார். 1986-ஆம் ஆண்டு இங்கு வந்து குடியேறியபோது காரும் உடன் வந்தது. பிள்ளைகளை அதில் திருமலை அடிவாரம் வரை அழைத்துச் சென்றார். நம் காலனியில் நள்ளிரவில் யாருக்கேனும் பிரசவ வலி எடுத்தால் அந்தக் காரே சென்றது. நம் சங்கத்து இளைஞர் இருவர் அதில் மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலேயே பிறந்தனர் என்று அவர் துணைவியார் கூறுவார். 1998-ஆம் ஆண்டு கார் நின்றது. ஆலையும் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மூடப்பட்டிருந்தது. உதிரிப் பாகங்கள் கிடைக்கவில்லை.

சென்ற ஆண்டு அவருடைய மகன் சென்னையில் பழைய பாகங்களைத் தேடி வாங்கி, எஞ்சினை இயங்கச் செய்தார். பழைய கார்களுக்கெனத் தனிப் பதிவு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, மனு எழுதும் பழக்கமுள்ளவன் என்பதால் என்னிடம் வந்தனர். ஓர் அலுவலகத்துக்குச் சென்றோம். அங்கிருந்தவர், “பழைய எண்ணுக்குப் பதிவுப் புத்தகம் எங்கே? அது இல்லையென்றால் இந்த வண்டி யாருடையது என்று நான் எப்படி நம்புவது?” என்றார். கேள்வி கடுமையாக இருந்தாலும் நியாயமானதே.

திரும்பி வரும் வழியில் பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “தம்பி, வேறு எண்ணைக் கொடுத்து, இதுதான் உன் வண்டி என்று சொன்னால் எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் வாங்கியது இந்த எண்ணுள்ள வண்டியை அல்லவா?” என்றார். “முதலில் வீட்டில் தேடிப் பார்ப்போம், ஐயா” என்று மட்டும் கூறினேன்.

மூன்று நாள் தேடினோம். பரணிலிருந்த இரும்புப் பெட்டியில், பழைய ரெயில்வேப் பாஸ்களுக்கும் சம்பளச் சீட்டுகளுக்கும் அடியில், துணியிற் சுற்றிய பதிவுப் புத்தகம் கிடைத்தது. ஓரங்களைச் செல் அரித்திருந்தது. எண்ணும், சட்டக எண்ணும், எஞ்சின் எண்ணும் தெளிவாக இருந்தன. ஆனால் உரிமையாளர் பெயர் இருக்கும் இடத்தில் டாக்டரின் பெயரே இருந்தது! விற்பனைச் சீட்டில் கையெழுத்து வாங்கியதோடு பெரியவர் நின்றுவிட்டார். பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்யவே இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கார் சட்டத்தின் கண்ணில் டாக்டருடையதாகவே இருந்து வந்தது.

சட்டம் கூறுவது

இவ்விடத்தில் சட்டத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும். நம்மவர் பலர் இதில் தவறு செய்கின்றனர்.

1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வண்டியை விற்றவர் அதே ராஜ்யத்துக்குள் என்றால் 14 நாட்களிலும், வேறு ராஜ்யத்தார்க்கு என்றால் 45 நாட்களிலும் பதிவு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். இதற்குரியவை 29, 30-ஆம் படிவங்கள். உரிமையாளர் காலமாகியிருந்தால் அவருடைய வாரிசு முதலில் 31-ஆம் படிவத்தின் வாயிலாகத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளவேண்டும். பதிவுப் புத்தகம் தொலைந்தால் நகல் கேட்க 26-ஆம் படிவம் உண்டு. ஒரு ராஜ்யத்தில் பதிவான வண்டியை மற்றொரு ராஜ்யத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், முந்தைய அலுவலகத்தில் ஆட்சேபணை இல்லை என்னும் சான்று பெற்றுப் புதிய எண் பெறவேண்டும். திருத்தணியிலும் அரக்கோணத்திலும் வாங்கிய வண்டியோடு இங்கு வாழும் நம்மவர் இதனை எளிதாக மறந்து விடுகின்றனர். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளே செல்லும்; அதன்பின் வண்டி நல்ல நிலையில் உள்ளதா என்று காட்டிப் புதுப்பிக்கவேண்டும். பழைய சட்டத்தின்கீழ்ப் பதிவானவற்றுக்கும் இது பொருந்தும்.

இனிப் பழைய வண்டிகளின் சிறப்பு விதி. 2021 ஜூலையில் மத்திய அரசாங்கம் 1989-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வெளியிட்டது. அதே ஆண்டில்தான் பழைய வண்டிகளைக் கழித்து உடைப்பதற்கான கொள்கையும் அறிவிக்கப்பட்டது. பழையன கழியும்போது பாதுகாக்கத் தக்கனவும் உடன் அழிந்துவிடலாகாது என்பது இத்திருத்தத்தின் கருத்து எனலாம். முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்குசக்கரச் சொந்த வண்டிகள் இதற்கு உரியன. வண்டி தன் மூல உருவிலேயே இருத்தல் வேண்டும். சட்டகம், மேற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாறுதல் செய்திருத்தல் கூடாது. நம் புத்தூர்க் கட்டு முறிந்த எலும்பையே சேர்த்துக் கட்டுகிறது அன்றோ? அதுபோலப் பழுது பார்க்கலாம். வேறு எலும்பை வைத்தல் ஆகாது.

மனுவுக்கு உரியது 20-ஆம் படிவம். அதனோடு இன்சூரன்சு, கட்டணம், முன்பே பதிவான வண்டியானால் அதன் பழைய பதிவுச் சான்று, வெளிநாட்டிலிருந்து வந்ததானால் இறக்குமதிச் சீட்டு ஆகியவற்றை இணைத்தல் வேண்டும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பின்னர்ச் செய்யும் மறுபதிவுக்கு 5,000 ரூபாய் என்று அத்திருத்தம் வகுத்தது. பதிவு பத்தாண்டு செல்லும். புதிதாக எண் பெறும் வண்டிக்கு ராஜ்ய எழுத்தை அடுத்து ‘வி.ஏ.’ என்னும் இரண்டு எழுத்துக்கள் வரும். பிறகு இரண்டு எழுத்து வரிசையும் நான்கு இலக்க எண்ணும் வரும். இத்தகைய வண்டியை நாள்தோறும் ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கே வீதிக்குக் கொண்டு வரலாம்.

இவ்விதிகளுள் நம் பெரியவரின் முகத்தை மலரச் செய்தது ஒன்று உண்டு. முன்பே பதிவாகியுள்ள வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பதே அது. ராஜ்யம் பெயர் மாறிவிட்டது, எழுத்து வழக்கொழிந்துவிட்டது, பலகையின் நிறமும் மாறிவிட்டது. ஆயினும் அந்தப் பழைய எண்ணுக்குச் சட்டம் மதிப்பளிக்கிறது. ஆனால் அந்த எண் இன்ன வண்டிக்கு உரியது, இன்ன வண்டி இன்னாருக்கு உரியது என்று காட்டுவதற்குத் தாள் வேண்டும்.

எண்ணைக் கண்டு அறிந்தவர்

டாக்டரின் பழைய விலாசத்தைப் பதிவுப் புத்தகத்திலிருந்து எழுதிக்கொண்டு, பெரியவரின் மகனும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குச் சென்றோம். அந்த வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி எழுந்திருந்தது. எதிர்ப்புறம் மருந்துக்கடை வைத்திருந்தவர், டாக்டர் காலமாகி இருபதாண்டுக்கு மேலாகிறது என்றும், மகன் ஒருவர் அடையாற்றில் இருக்கிறார் என்றும் கூறி வழி காட்டினார்.

அந்த மகனும் அறுபதைக் கடந்தவர். நாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று கூறியபோது முதலில் ஐயத்தோடுதான் கேட்டார். கைப்பேசியில் காரின் படத்தைக் காட்டினோம். “எங்கள் கார் இந்த நிறம் இல்லையே” என்றார். நம் பெரியவர் இடையில் ஒருமுறை வண்ணம் மாற்றியிருந்தார். அடுத்து எண் பலகையின் படத்தைக் காட்டினோம். அவர் அதனை வாய்விட்டுப் படித்தார். படித்து முடிக்குமுன் குரல் தழுதழுத்தது. சிறுவனாக இருந்தபோது பள்ளி வாயிலில் நின்று, வரும் கார்களின் எண்களைப் பார்த்துத் தந்தையின் காரை அடையாளம் கண்டுகொள்வாராம். “அப்பா வருவது அந்த எண்ணில்தான் எனக்குத் தெரியும்” என்றார்.

இரண்டு வாரம் கழித்து அவரே புத்தூருக்கு வந்தார். புங்க மரத்தடியில் அந்தக் காரின் முன்னிருக்கையில் சிறிது நேரம் அமர்ந்திருந்தார். நம் பெரியவர் அவரிடம், “ஐயா, உங்கள் அப்பாவின் பொருளை இத்தனை நாளும் அவர் பெயரிலேயே வைத்திருந்தேன், இனி எனக்குக் கொடுங்கள்” என்று சொல்ல, இருவரும் சிரித்தனர். வாரிசுச் சான்றுக்கு உரிய தாள்களில் அவர் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அன்று அம்மையார் அனைவருக்கும் சாப்பாடு போட்டார்.

மனு இப்போது அதிகாரிகள் முன் உள்ளது. பதிவு புதுப்பிக்கப்படாமல் விட்ட ஆண்டுகள் பல. சென்னை அலுவலகத்திலிருந்து பழைய பேரேட்டின் சான்று இன்னும் வரவேண்டும். இரண்டு முறை எங்கள் மனு திருப்பி அனுப்பப்பட்டது. இரண்டு முறையும் குறையைத் திருத்தி மீண்டும் கொடுத்தோம். பழைய எண் கிடைக்குமா, அன்றிப் புதிய ‘வி.ஏ.’ எண்தான் கிடைக்குமா என்பது அவர்கள் முடிவு. பெரியவர் வாரந்தோறும் என்னிடம் வந்து, “தபால் வந்ததா, தம்பி?” என்று கேட்கிறார்.

நம் கடமை

இக்கட்டுரையின் நோக்கத்தை இறுதியில் கூறுவதாகச் சொன்னேன். நம் காலனியில் கார் இல்லாத வீடு உண்டு. தாள் இல்லாத வீடு இல்லை. நம் பாட்டனார் பெயரில் நிலப் பட்டா, தந்தையார் பெயரில் வீட்டு வரி ரசீது, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று, பழைய குடும்ப அட்டை, மோட்டார் சைக்கிளின் பதிவுப் புத்தகம் ஆகியவை எல்லாம் எங்கேனும் ஒரு பெட்டியில் கிடக்கின்றன. அவற்றுட் சில தமிழில், சில தெலுங்கில், சில ஆங்கிலத்தில் இருக்கும். ஒன்றில் வட ஆற்காடு என்றும், மற்றொன்றில் சித்தூர் என்றும், இன்னொன்றில் திருப்பதி என்றும் ஊரின் மாவட்டம் எழுதியிருக்கும். பெயரின் எழுத்தும் ஒன்றுக்கொன்று மாறியிருக்கும். எல்லையில் வாழும் மக்களாகிய நமக்கு இத்தொல்லை மற்றவரினும் மிகுதி. ஆள்வோர் மாறும்போது நாம் யார் என்பதை நமக்காகச் சொல்லக்கூடியது தாள் ஒன்றே.

ஆகவே இந்த ஆண்டு விழா முடிந்து வீடு திரும்பும் அன்பர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பரணில் உள்ள பெட்டியை இறக்கித் தாள்களைத் தட்டி, செல் அரித்தவற்றுக்கு உடனே நகல் எடுத்து வையுங்கள். தமிழ்நாட்டில் வாங்கிய வண்டிக்குப் பெயர் மாறியதா, எண் மாறியதா என்று பாருங்கள். காலமான பெரியோர் பெயரில் இருப்பவற்றை வாரிசுகள் உயிரோடும் ஒற்றுமையோடும் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். வழி தெரியாதவர்கள் மாலை ஆறு மணிக்குமேல் என் வீட்டுக்கு வரலாம். மனு எழுதித் தருவது எனக்குப் பழகிய வேலை.

மரத்தடியில் நிற்கும் அந்தக் காரை நம் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். எம்.எஸ். என்றால் என்ன என்று அவர்கள் கேட்பார்கள். அப்போது 1953-ஐயும் 1960-ஐயும் சொல்லி, நாம் இங்கே எவ்வாறு வந்தோம் என்பதையும் அவர்களுக்குச் சொல்லலாம். அடுத்த ஆண்டு விழா மண்டபத்தின் வாயிலில் அந்தக் கார் தன் பழைய எண்ணோடு வந்து நிற்க வேண்டும் என்பது நம் பெரியவரின் விருப்பம். அது நிறைவேறத் திருத்தணி முருகனும் திருவேங்கடவனும் அருள் புரிவார்களாக.